சித்தியும் சாதனையும்: தாந்திரிக நெறியில் ஆற்றலுக்கு உரிய இடம்

தாந்திரிக சாதனையில் இயல்புக்கு மீறிய ஆற்றல்களாகிய சித்திகள் கிடைப்பது ஆன்மிக வளர்ச்சியின் அடையாளமா அல்லது அதற்குத் தடையா என்றும், மந்திர ஜபம் செய்துவரும் ஒருவருக்கு உள்ளொளி, உள்ளோசை, நடக்கவிருப்பதை முன்கூட்டியே உணர்தல் போன்றவை தோன்றினால் அவற்றை எப்படிக் கொள்ளவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் கேள்விக்கான விடை முதற்கேள்வியின் விடையிலிருந்தே பிறக்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். சித்தி என்பது மனம் ஒருமுகப்பட்டதற்குச் சான்றாகலாம். மனம் தூய்மையடைந்ததற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் சாதகர்களும் அவர்களை நாடிச் செல்பவர்களும் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்லவேண்டும். தந்திர நெறி சித்திகளை எப்போதுமே புறக்கணித்தது என்று இக்காலத்தில் பலர் எழுதுவது வரலாற்றுக்கு ஒத்ததன்று. வழிபாட்டு நெறி நூல்களாகிய ஆகமங்களும் தந்திரங்களும் தம்மை நாடி வருபவரைப் போகத்தை விரும்பும் புபுட்சு என்றும், முத்தியை விரும்பும் முமுட்சு என்றும் இரு வகையாகப் பிரித்து, இருவருக்குமே வழி சொல்லின. சைவ ஆகமங்கள் தீட்சை பெற்றவரைச் சமயி, புத்திரகன், சாதகன், ஆசாரியன் என நான்கு நிலைகளில் வைத்தன. இவர்களுள் புத்திரகன் முத்தியை நோக்கியவன். சாதகனோ தனி அபிடேகம் பெற்று, தனக்கென அளிக்கப்பட்ட மந்திரத்தை நீண்ட விரதத்தால் வசப்படுத்தி, அதன் ஆற்றலால் பலன்களை அடைய முயல்பவன். அவனுக்கு முறையான இடமே தரப்பட்டிருந்தது. பிற்காலத் தென்னகச் சைவத்தில் முத்தி நெறியும் கோயில் வழிபாடும் முன்னுக்கு வந்தபோது அவன் நடைமுறையிலிருந்து மெல்ல மறைந்தான். ஆகம ஆய்வில் பல்லாண்டு உழைத்த பிரெஞ்சு அறிஞர் எலேன் புரூனர் 1975இல் எழுதிய கட்டுரையில் சாதகனைத் தென்னகச் சைவத்தின் மறக்கப்பட்ட மனிதனாகவே காட்டினார். அம்பிகையை முதன்மையாக வழிபடும் சாக்தத்திலும் நிலைமை இதுவே. சாந்தி, வசியம், தம்பனம் (செயலைத் தடுத்தல்), வித்வேடணம் (பகை மூட்டுதல்), உச்சாடனம் (விரட்டுதல்), மாரணம் (கொல்லுதல்) என்னும் ஆறு கருமங்களை வடமொழித் தந்திரங்கள் விரிவாகப் பேசுகின்றன. தமிழ் மாந்திரிக ஏடுகளில் சாந்தி நீங்கி, மோகனம் (மயக்குதல்), ஆகருடணம் (ஈர்த்தல்), பேதனம் (பிரித்தல்) ஆகியவை இடம்பெற்று அட்டகருமம், அதாவது எட்டுக் கருமம், என்ற வகுப்பே உருவாயிற்று. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுத் தந்திரத்தை வெறும் தத்துவமாகக் காட்டுவது அதைப் போற்றுவதாகாது.

அப்படியானால், நூல்களே இடம் கொடுத்த ஒன்றை ஏன் வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று கேட்கலாம். சித்திகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பதஞ்சலியின் யோக சூத்திரம், நான்காம் பாதத்தின் முதற்சூத்திரத்திலேயே, பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி என்னும் ஐந்தினால் சித்திகள் தோன்றும் என்கிறது. இந்த ஐந்தில் பிறப்பும் மூலிகையும் ஒருவருடைய உள்ளத்தின் நிலையோடு தொடர்பே இல்லாதவை. மந்திரமும் தவமும் முயற்சியால் ஆகின்றவை. ஆனால் அந்த முயற்சிக்குப் பின்னே எந்த நோக்கமும் இருக்கலாம். மந்திர சித்திக்காக விதிக்கப்பட்ட புரச்சரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரத்தில் எத்தனை எழுத்தோ அத்தனை லட்சம் ஜபம், அதில் பத்தில் ஒரு பங்கு ஹோமம், அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம் (நீர் வார்த்தல்), அதில் பத்தில் ஒரு பங்கு மார்ஜனம் (நீர் தெளித்தல்), அதில் பத்தில் ஒரு பங்கு அன்னதானம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஐந்தெழுத்து மந்திரத்துக்கு 5,00,000 ஜபம், 50,000 ஆகுதி, 5,000 தர்ப்பணம், 500 மார்ஜனம், 50 பேருக்கு உணவு என்று அது அமையும். இதை முடிப்பதற்கு அசையாத உறுதியும் நாள் தவறாத ஒழுங்கும் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டார் மீதுள்ள பகை துளியும் குறையாமலே ஒருவர் இதை முழுமையாக நிறைவேற்றிவிட முடியும். அந்தப் பகையே அவருடைய உறுதிக்கு ஊற்றாகவும் இருக்கலாம்.

நம் புராணங்கள் இதை மிகத் தெளிவாக அறிந்திருந்தன. சூரபன்மன் கடுந்தவம் புரிந்து 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடமே பெற்றான். இராவணனும் இரணியனும் தவத்தில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய தவம் பொய் என்றோ, ஆற்றல் போலி என்றோ புராணம் எங்கும் சொல்லவில்லை. தவம் மெய்யானது, பலனும் மெய்யானது, அதைப் பெற்றவனுடைய உள்ளம் மட்டும் இருந்தபடியே இருந்தது. சித்தி வேறு, வளர்ச்சி வேறு என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சைவ சித்தாந்தம் இதற்கான காரணத்தை நுணுக்கமாக விளக்குகிறது. உயிரைப் பிணிப்பவை ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்கள். இவற்றுள் மாயையிலிருந்து தோன்றும் கலை, வித்தை முதலிய தத்துவங்கள் என்னும் கருவிகள், ஆணவ இருளில் கிடக்கும் உயிரின் செயலாற்றலையும் அறிவாற்றலையும் ஓரளவு விளங்கச் செய்கின்றன. நாம் காண்பதும் கேட்பதும் செய்வதும் அந்த அளவுக்குள் அடங்கியவையே. சாதனையின் வலிமையால் அந்த அளவு கூடலாம். பிறருக்குப் புலப்படாதது ஒருவருக்குப் புலப்படலாம், பிறருக்கு இயலாதது இயலலாம். ஆனால் இந்த விரிவு முழுவதும் மாயையின் எல்லைக்குள்ளேயே நிகழ்கிறது. மூலமலமாகிய ஆணவத்தை அது தொடுவதே இல்லை. தொடாதது மட்டுமன்று, ‘நான் அறிகிறேன், நான் செய்கிறேன்’ என்ற முனைப்புக்கு முன்பைவிடப் பெரிய களத்தை அது திறந்துவிடுகிறது. வளர்ச்சிக்குச் சித்தாந்தம் வைத்திருக்கும் அளவுகோல்கள் முற்றிலும் வேறானவை. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு, மலம் நீங்கும் பக்குவமாகிய மலபரிபாகம், அருள் பதியும் சத்திநிபாதம் என்னும் மூன்றிலும் அற்புதச் செயலுக்கு இடமே இல்லை.

தாந்திரிக மரபு தன் சொந்த மொழியில் இதைச் சொல்லியிருக்கும் விதம்தான் என்னை மிகவும் கவர்வது. அம்பிகையைத் திரிபுரசுந்தரியாக வழிபடும் ஸ்ரீவித்யா உபாசகர்களின் ஸ்ரீசக்கரம் ஒன்பது ஆவரணங்களை, அதாவது சுற்றுகளை, கொண்டது. நவாவரண பூசை வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்வது. அதன் முதல் ஆவரணம் பூபுரம் என்னும் வெளிச்சதுரம். திரைலோக்கிய மோகன சக்கரம் என்று அதற்குப் பெயர். அந்தச் சதுரத்தின் மூன்று கோடுகளில் ஒன்றில் அணிமா, லகிமா, மகிமா, ஈசித்துவம், வசித்துவம், பிராகாமியம், புக்தி, இச்சை, பிராப்தி, சர்வகாமம் என்னும் பத்துச் சித்தி தேவியர் அமர்ந்திருக்கிறார்கள். மற்றொரு கோட்டில் பிராமி முதலிய அன்னையர் எண்மரும், இன்னொன்றில் முத்திரா சக்திகள் பதின்மரும் இருக்கிறார்கள். இந்த ஆவரணத்துக்கு உரியவர்கள் பிரகட யோகினியர், அதாவது வெளிப்படையானவர்கள். உள்ளே செல்லச் செல்ல அவர்கள் குப்த யோகினியர், ரகசிய யோகினியர், அதிரகசிய யோகினியர் என மறைந்துகொண்டே போகிறார்கள்.

உலகம் மலைக்கும் சித்திகள் எல்லாம் அம்பிகையின் நகரத்தில் மதிற்சுவரில் நிற்பவை என்பதுதான் இந்த அமைப்புச் சொல்லும் செய்தி. அவர்களை வணங்காமல் உள்ளே செல்ல முடியாது. அவர்களிடமே நின்றுவிட்டாலும் உள்ளே செல்ல முடியாது. மேலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ரீசக்கரத்தைத் தன் உடலிலும் உள்ளத்திலும் பாவனையால் காணும் முறையைச் சொல்லும் பாவனோபநிடதம், அணிமாதி பத்துச் சித்திகளையும் ஒன்பது ரசங்களாகவும் நியதியாகவும் காண்கிறது. அடுத்த கோட்டிலுள்ள அன்னையர் எண்மரையும் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம், புண்ணியம், பாவம் என்று அடையாளம் காட்டுகிறது. காவிரிக் கரையில் வாழ்ந்த பெரும் உபாசகர் பாஸ்கரராயர் உரை எழுதிய நூல் இது. சித்திகள் நிற்கும் அதே சுவரில், ஒரு கோடு தள்ளி, ஆசையும் சினமும் செருக்கும் பொறாமையும் நிற்கின்றன. ஆற்றலை நெருங்குபவன் இவற்றையும் நெருங்கியே தீரவேண்டும் என்பதை இந்த மரபு சக்கரத்தின் கோடுகளிலேயே வரைந்து வைத்திருக்கிறது.

இதற்கு மறுப்பாக, நடுப்புள்ளியாகிய பிந்துவுக்கு முந்திய எட்டாம் ஆவரணமாகிய முக்கோணத்துக்கே சர்வசித்திப்பிரத சக்கரம் என்றுதானே பெயர் என்று அறிந்தவர்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். வெளிச்சுவரில் தனித்தனிப் பெயர்களோடு பிரிந்து நின்றவை அங்கே அம்பிகையின் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூல ஆற்றலிலேயே அடங்கிவிடுகின்றன. அவ்விடத்தை அடைந்த உபாசகனுக்குத் தனக்கென்று கேட்க ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. திரிபுரசுந்தரியின் சேவையில் ஈடுபட்டவர்களுக்குப் போகமும் மோட்சமும் கையிலேயே இருக்கின்றன என்று உபாசகர்கள் பெருமையோடு சொல்லும் சுலோகத்தையும் இந்தப் பொருளில் கொள்வதுதான் பொருத்தம். போகத்தைத் துரத்துபவனுக்கு அந்தச் சுலோகம் உறுதியளிக்கவில்லை. சேவையில் மூழ்கியவனைப் பற்றியே அது பேசுகிறது.

காஷ்மீர சைவம் இன்னும் கூர்மையாகப் பேசுகிறது. வசுகுப்தருக்கு வெளிப்பட்டதாகக் கருதப்படும் சிவ சூத்திரங்களின் மூன்றாம் பகுதியில், மோகத்தின் மறைப்பினால் சித்தி என்று ஒரு சூத்திரம் வருகிறது. தாரணை, தியானம் முதலியவற்றால் தத்துவங்களை வென்றவனுக்கு அந்தந்தத் தத்துவத்துக்குரிய போகம் கிடைக்கும், ஆனால் மறைப்பு விலகாத நிலையிலேயே அது கிடைக்கிறது என்பது அதன் கருத்து. அடுத்த சூத்திரம், அந்த மோகத்தை முற்றிலும் வென்றவனுக்கே இயல்பான ஞானம் கைவசமாகும் என்கிறது. சித்தியையும் ஞானத்தையும் அடுத்தடுத்து வைத்து, இடையில் மோகத்தை வெல்லுதல் என்ற ஒன்றை நிறுத்திய அந்த வரிசையைச் சாதகர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன். அதே மரபின் ஸ்பந்த காரிகையோ உங்கள் இரண்டாம் கேள்விக்கு நேராகவே விடை தருகிறது. உள்முகப்படும் சாதகனுக்கு விரைவிலேயே ஒளிப்பொட்டு, நாதம், உருவம், சுவை ஆகியவை தோன்றும் என்றும், உடல் உணர்வு நீங்காதவனுக்கு அவை கலக்கத்தை உண்டாக்குபவை என்றும் அது சொல்கிறது. அனுபவம் பொய் என்று அந்நூல் சொல்லவில்லை. அது வரும், விரைவில் வரும், வந்தால் கலைக்கும் என்று எச்சரிக்கிறது.

கலைப்பது எப்படி என்பதை யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையாகிய பாடியத்தைப் போல நுட்பமாக வேறெதிலும் நான் கண்டதில்லை. யோகியரை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் வியாசர், தொடக்கநிலையில் உள்ளவனைத் தேவர்கள் பொருட்படுத்துவதில்லை என்றும், மதுபூமிகன் எனப்படும் இரண்டாம் நிலையினனைத்தான் அவர்கள் வந்து அழைக்கிறார்கள் என்றும் கூறுகிறார். இங்கே இரு, இங்கே மகிழ்ந்திரு, இந்தப் போகம் இனியது, இந்த மருந்து மூப்பையும் சாவையும் நீக்கும், இந்த ஊர்தி வானில் செல்லும் என்றெல்லாம் அழைப்பு வரும். அதை ஏற்பது பற்று, அது விழுத்தும். ஆனால் வியாசர் அத்தோடு நிற்கவில்லை. தேவர்களே வந்து என்னை வேண்டுகிறார்கள் என்று வியந்துகொள்வதும் விழுத்தும் என்கிறார். மூலச்சூத்திரமே சங்கம் (பற்று), ஸ்மயம் (செருக்கோடு வியத்தல்) என்னும் இரண்டையும் விலக்குகிறது. சித்தியை நாடாதவர், சித்தி வேண்டாம் என்று மறுத்துவிட்டேன் என்ற நினைப்பில் அகப்பட்டுக்கொள்ளும் இந்த இரண்டாம் கண்ணியை நான் பல நல்ல சாதகர்களிடம் கண்டிருக்கிறேன். ஆசை போன பிறகும் செருக்கு தங்கிவிடுகிறது; அதைக் கண்டுகொள்வது ஆசையைக் கண்டுகொள்வதைவிடக் கடினம்.

அப்படியானால் வளர்ச்சியை எதைக்கொண்டு அறிவது? சாக்த நூலாகிய குலார்ணவ தந்திரம் தரும் அளவுகோலை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அது எவரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளக்கூடியது. வெறுப்பு, ஐயம், அச்சம், நாணம், அருவருப்பு, குலம், ஒழுக்கம் பற்றிய பெருமிதம், சாதி என எட்டுப் பாசங்களை அது எண்ணுகிறது. பாசத்தால் கட்டுண்டவன் சீவன், பாசத்திலிருந்து விடுபட்டவன் சதாசிவன் என்று அறுதியிட்டுச் சொல்கிறது. பசு (கட்டுண்டவன்), வீரன், திவ்யன் (தெய்வத் தன்மையன்) என்று சாக்தம் சாதகர்களை வகைப்படுத்துவதும் இந்தக் கட்டுகள் எவ்வளவு தளர்ந்தன என்பதையே பொறுத்தது. இந்தப் பட்டியலில் சாதி இருப்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தன் பிறப்பை எண்ணி உயர்வு கொள்ளும் ஒருவர் எவ்வளவு கோடி ஜபம் செய்திருந்தாலும், இந்நூலின் கணக்கில் அவர் இன்னும் கட்டுண்டவரே. அதுபோலவே, பிறரை வசியம் செய்யும் ஆற்றல் பெற்றவராகப் பேசப்படும் ஒருவர், தம் புகழ் குறையுமோ என்று அஞ்சினால், அச்சம் என்ற பாசம் அவரிடம் முழுமையாக இருக்கிறது.

ராமகிருஷ்ண பரமஹம்சர் தட்சிணேசுவரத்தில் தியானம் செய்தபோது பூணூலையும் ஆடையையும் களைந்து வைத்ததைக் கண்டு மருமகன் ஹிருதயன் திடுக்கிட்டபோது, இந்த எட்டுப் பாசங்களைச் சொல்லியே அவர் காரணம் கூறினார். 1861இல் அங்கு வந்த தாந்திரிகத் துறவி பைரவி பிராமணியின் வழிகாட்டுதலில் 64 தந்திரங்களின் சாதனைகளையும் முடித்தவர் அவர். ஆகவே இவ்விஷயத்தில் அவருடைய சொல்லுக்குத் தனி எடை உண்டு. பைரவிக்குச் சந்திரா, கிரிஜா என்று வேறு இரு சீடர்களும் இருந்தனர். இருவரும் சில ஆற்றல்களைப் பெற்றிருந்ததாகப் பரமஹம்சருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் போகும் ஆற்றலைப் பெற்ற சந்திரா அதைத் தவறான வழியில் பயன்படுத்தி வீழ்ந்தார். தம் முதுகிலிருந்து ஒளி பரப்பி ஓர் இரவில் பரமஹம்சருக்கு வழிகாட்டிய கிரிஜா, பின்னர் அந்த ஆற்றல் நீங்கப்பெற்று இறைநினைவில் திரும்பினார். ஆற்றல் நீங்கியதைப் பரமஹம்சர் அவருக்கு நேர்ந்த நன்மையாகவே கருதினார். அட்டமாசித்திகளை உனக்குத் தருகிறேன் என்று அவர் நரேந்திரனிடம் சொன்னபோது, இறைவனை அடைய அவை உதவுமா என்று நரேந்திரன் கேட்டார். உதவா என்று விடை வந்ததும் வேண்டாம் என்றுவிட்டார். பின்னாளில் விவேகானந்தராக உலகம் அறிந்த அந்த இளைஞர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் எந்தச் சித்தியைக் குறித்தும் கேட்கவேண்டும்.

தமிழ்ச் சித்தர் மரபைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். காயசித்தியைப் போற்றும் மரபாயிற்றே அது என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பார் அழியில் உயிரார் அழிவர் என்று தொடங்கும் திருமூலரின் பாடல், திடம்பட மெய்ஞ்ஞானம் சேரவும் மாட்டார் என்று தொடர்கிறது. உடம்பைப் பேணுவதன் பயன் மெய்ஞ்ஞானம் சேர்வது என்று அங்கேயே நோக்கம் சொல்லப்பட்டுவிட்டது. மூன்றாம் தந்திரத்தில் அட்டமாசித்திகளை ஒவ்வொன்றாக விளக்கி, நான்காம் தந்திரத்தில் மந்திரங்களையும் சக்கரங்களையும் விரித்துரைத்த திருமூலர், அங்கேயே நின்றுவிடாமல் ஒன்பதாம் தந்திரம் வரை நம்மை அழைத்துச் செல்கிறார் என்பதையும் கருதவேண்டும். தாயுமானவர், மதயானையை வசமாக நடத்துவது, புலியின் வாயைக் கட்டுவது, நீர்மேல் நடப்பது, கனல்மேல் இருப்பது, வேறோர் உடலில் புகுவது எனச் சித்திகளை அடுக்கிக்கொண்டே போய், அவையெல்லாம் ஆகும் என்று ஒப்புக்கொண்டு, ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். எது எளிது, எது அரிது என்று அவர் வைத்த வரிசை, நாம் வழக்கமாக வைக்கும் வரிசைக்கு நேர்மாறானது.

மந்திர சாதனையே சித்தி நோக்கத்திலிருந்து ஞான நோக்கத்துக்குத் திரும்பும் தருணத்துக்கு அண்மைக் காலத்தில் ஓர் அரிய சான்று உண்டு. காவ்யகண்ட கணபதி முனிவர் பெரும் மந்திர உபாசகர். கோடிக்கணக்கில் ஜபம் செய்தவர். தவ வலிமையால் நாட்டையே உயர்த்த வேண்டும் என்ற வேட்கை கொண்டவர். 1907 நவம்பர் 18 அன்று அவர் திருவண்ணாமலையில் விருபாட்ச குகையில் இருந்த ரமணரிடம் சென்று, படிக்கவேண்டியதெல்லாம் படித்தும், மந்திர ஜபம் நிறையச் செய்தும், தவம் என்றால் என்ன என்பது விளங்கவில்லை என்று முறையிட்டார். நான் என்பது எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்றார் ரமணர். மந்திரத்தை ஜபித்தால் அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்றும் சொன்னார். மந்திரத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கணபதி முனிவரும் அதன் பிறகு உபாசனையைக் கைவிடவில்லை. மந்திரம் அதுவே, ஜபிப்பவரும் அவரே. கவனம் பலனை நோக்கிச் செல்லாமல் ஒலியின் மூலத்தை நோக்கித் திரும்பியது.

இனி உங்கள் இரண்டாம் கேள்விக்கு நேராக வருகிறேன். ஜபத்தில் ஒளியோ ஓசையோ தோன்றினால் அதைத் தேடிச் செல்லவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். மந்திரத்தில் மனத்தை வைத்து இருந்தபடியே தொடருங்கள். முன்னுணர்வு ஒன்றிரண்டு முறை பலித்தால், மீண்டும் பலிக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆவல் எழும். அந்த ஆவலுக்கு இடம் கொடுத்தால் சாதனையின் இருக்கையே சோதனைச்சாலையாகிவிடும், பலித்தவை நினைவில் தங்கும், பலிக்காதவை மறந்துபோகும். தீட்சை தந்த குருவைத் தவிர வேறு எவரிடமும் இதைப் பற்றிப் பேசவேண்டாம். யோகதத்துவ உபநிடதம், சித்திகள் பெரும் பேறாகிய மகாசித்திக்கு இடையூறு என்று சொல்லிவிட்டு, யோகி தன் ஆற்றலை யாருக்கும் காட்டாமல் மூடனைப் போலவும் செவிடனைப் போலவும் உலகில் நடந்துகொள்ளட்டும் என்கிறது. அதில் ஆழ்ந்த அனுபவ அறிவு இருக்கிறது. ஒருமுறை சொல்லிவிட்டால் நாளை நான்கு பேர் குறி கேட்க வருவார்கள். அவர்களுடைய எதிர்பார்ப்பே பிறகு உங்கள் சாதனையை நடத்தும். பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் உத்தவருக்குச் சித்திகளை விரிவாக எடுத்துரைத்த கண்ணன், உயர்ந்த யோகத்தில் நிற்பவனுக்கு இவை காலத்தை வீணாக்கும் இடையூறுகள் என்கிறான். காலம் போகிறது என்பதுதான் அங்கே சொல்லப்படும் குறை, அது சிறிய குறை அன்று.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். பல நாள் தூக்கமின்மை, இன்னதைச் செய் என்று கட்டளையிடும் குரல்கள், விலகாத அச்சம், எல்லோரும் தம்மைத் தாக்குகிறார்கள் என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால், அவற்றைக் குண்டலினி விழிப்பு என்றோ தேவதையின் பேச்சு என்றோ தாமே முடிவுகட்டிக்கொண்டு தீவிர சாதனையைத் தொடரக்கூடாது. சாதனையை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரியான செயல். அதனால் பக்திக்கோ மரபுக்கோ எந்தக் குறையும் வராது. இதைச் சொல்லத் தயங்கும் குருவிடம் ஒருவர் தம் மனத்தை ஒப்படைக்கக்கூடாது என்பேன்.

சித்தியை விலைக்குத் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. சீடனின் பொருளைக் கவரும் குருமார் பலர், சீடனின் துயரைக் கவரும் குரு அரியவர் என்று குலார்ணவமே எழுதிவைத்திருக்கிறது. மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் தொடர்பான விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. ஒருவருடைய ஆற்றல் மெய்யா பொய்யா என்று ஆராய்வதில் காலம் கழிப்பதைவிட, அவரைச் சுற்றி இருப்பவர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சம் குறைந்தவர்களாக ஆகிறார்களா, அவரின்றி எதுவும் முடியாது என்ற அடிமைத்தனத்தில் அமிழ்கிறார்களா என்று பார்ப்பது பயன் தரும். ஆற்றல் மெய்யாகவே இருந்தாலும், பின்னது நேர்ந்தால் அங்கிருந்து விலகிவிடவேண்டும்.

ஏதோ ஒரு பலனை வேண்டித் தொடங்கிய ஜபத்தை இப்போது என்ன செய்வது என்ற தயக்கம் உங்களுக்கு எழக்கூடும். அதை இடையில் விட்டுவிட வேண்டியதில்லை. எடுத்த எண்ணிக்கையை முடியுங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஜபத்தின் முடிவில் செய்யும் ஜப சமர்ப்பணத்தை அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், அதில் சிறிது நேரம் நில்லுங்கள். ‘குஹ்யாதி குஹ்ய கோப்த்ரீ’ என்று தொடங்கும் அந்தச் சுலோகத்தில், நான் செய்த இந்த ஜபத்தை நீ ஏற்றுக்கொள் என்று சாதகர் நீரோடு சேர்த்து அம்பிகையின் கையில் ஜபத்தின் பலனைக் கொடுத்துவிடுகிறார். சித்தி என்ற சொல் அதன் பிறகே, உன் அருளால் ஆகட்டும் என்று வருகிறது. கொடுத்துவிட்டதை மனம் எத்தனை முறை திரும்பக் கேட்கிறது என்பதை நாள்தோறும் கவனித்து வாருங்கள், அதைக் குருவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த சங்கல்பத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை அதன் பிறகு அவரோடு கலந்து முடிவு செய்யலாம்.